சராசரி குறைந்தது சரி, யாருக்குக் குறைந்தது?

கேள்வி இதுதான்: பள்ளிகள், மருத்துவமனை, உள்ளாட்சி, தன்னார்வ அமைப்புகள் எல்லாம் சேர்ந்து குழந்தைகளிடம் உடற்பருமனைத் தடுக்க ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கப் போகின்றன. வசதி குறைந்த குடும்பங்களுக்கும் அதன் பலன் போய்ச் சேர வேண்டும். எங்கே தொடங்குவது, எதை அளப்பது, எங்கே சறுக்கும்?

முதலில் ஒரு எச்சரிக்கை. முகாம், பேரணி, துண்டுப் பிரசுரம் ஆகிய மூன்றில் எதிலிருந்து தொடங்கினாலும் ஏற்றத்தாழ்வு கூடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, வெறும் பெருக்கல் கணக்கு.

மாலை ஆறு மணிக்குக் குழந்தைகளுக்கு இலவச உடற்பயிற்சி வகுப்பு என்று அறிவிக்கிறீர்கள். கட்டணம் இல்லை, யாரும் வரலாம். ஒரு குடும்பம் அதில் நிலைத்து நிற்க ஆறு படி ஏற வேண்டும். செய்தி காதில் விழ வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். அந்த நேரத்துக்குள் பெற்றோர் வேலை முடித்து வந்திருக்க வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். அங்கே போய்க் கூச்சமில்லாமல் நிற்க முடிய வேண்டும். மூன்றாம் வாரமும் வர வேண்டும். வசதியான குடும்பங்களில் ஒவ்வொரு படியையும் 90 சதவீதம் பேர் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நூற்றுக்கு 53 பேர் மிஞ்சுவார்கள். வசதி குறைந்தவர்களில் ஒவ்வொரு படியிலும் 75 சதவீதம் என்றால் மிஞ்சுவது 18. சதவீதங்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவைதான். ஆனால் ஒரு படியில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம், ஆறு படி பெருக்கியதும் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுவதைப் பாருங்கள்.

பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் இதற்கு ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று பெயர் வைத்தார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. தடுப்புத் திட்டங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆகவே ஒரு யோசனை மேசைக்கு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதில் குடும்பம் எத்தனை படி ஏற வேண்டும்?’ என்பதே. குடும்பம் எதுவுமே செய்யாமல் பலன் போய்ச் சேரும் வேலைகளை, அதாவது பள்ளி உணவின் கொள்முதல் விதி, வளாகத்தில் என்ன விற்கலாம் என்ற விதி, குடிநீர், சாலையைக் கடக்கும் இடம், மைதானத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது போன்றவற்றை முதலில் எடுங்கள். அறிவுரை சொல்லும் வேலைகள் அவற்றுக்குத் துணையாக வரட்டும்.

இப்படிச் செய்த இடங்களில் என்ன நடந்தது? மூன்று ஊர்களைச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கோலாக் என்ற சிறு நகரில் 2003 முதல் 2006 வரை 4 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்காக ஒரு திட்டம் நடந்தது. உள்ளூர் அமைப்புகளே திட்டமிட்டு நடத்தின. பல்கலைக்கழகம் பயிற்சியும் மதிப்பீடும் தந்தது. திட்டம் நடக்காத ஒப்பீட்டுப் பகுதிக் குழந்தைகளைவிடக் கோலாக் குழந்தைகளின் எடை ஏற்றம் சராசரியாக 0.92 கிலோ குறைவு, இடுப்புச் சுற்றளவின் ஏற்றம் 3.14 செ.மீ. குறைவு. என்னைக் கேட்டால் இந்த இரண்டு எண்ணும் முக்கியமில்லை. ஒப்பீட்டுப் பகுதியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் எடையும் சுற்றளவும் அதிகம் ஏறின. கோலாக்கில் குடும்பத்தின் வசதிக்கும் அந்த ஏற்றத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. வசதி குறையக் குறைய எடை ஏறும் அந்தச் சரிவைத் திட்டம் மட்டப்படுத்தியது. எடை குறைந்த குழந்தைகளின் எண்ணிக்கையோ, மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்க முயன்றவர்களின் எண்ணிக்கையோ கூடிவிட்டதா என்றும் அவர்கள் பார்த்தார்கள். கூடவில்லை. தீங்கு நேர்ந்ததா என்று தேடிப் பார்க்கும் இந்தப் பழக்கம் பல திட்டங்களில் இல்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சோமர்வில் நகரில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா எகோனோமோஸ் தலைமையில் நடந்த திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகள் வரையிலான குழந்தைகளைக் குறிவைத்தது. பள்ளிக்கு முன், பள்ளி நேரம், பள்ளிக்குப் பின், வீடு, ஊர் என்று ஒரு நாளின் எல்லாத் துண்டுகளிலும் ஏதாவது ஒன்று மாறியது. பள்ளிச் சமையலறை, நடந்து போகும் வழி, உணவகங்கள், மருத்துவர்கள் எல்லாம் அதில் அடக்கம். பிஎம்ஐ என்பது எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்த எண்; அதே வயது, பாலினக் குழந்தைகளின் இயல்பு அளவிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்பது இசட் மதிப்பெண். முதல் ஆண்டில் அந்த இசட் மதிப்பெண் ஒப்பீட்டு ஊர்களைவிடச் சுமார் 0.1 குறைந்தது. சிறிய எண்தான். ஆனால் ஒரு ஊரின் குழந்தைகள் மொத்தமும் அவ்வளவு நகர்வது சாதாரண விஷயமில்லை.

மூன்றாவது, வட பிரான்சின் ஃப்ளர்பே, லாவாந்தி என்ற இரண்டு சிற்றூர்கள். 1992-இல் பள்ளிகளில் உணவுக் கல்வியோடு தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகளில் பிள்ளைகளின் அறிவு வளர்ந்ததே தவிர எடை அசையவில்லை. பிறகு ஊரே சேர்ந்தது. 2004-இல் அங்கே அதிக எடையுள்ள குழந்தைகள் 8.8 சதவீதம், ஒப்பிட்ட ஊர்களில் 17.8 சதவீதம். பன்னிரண்டு ஆண்டுகள்! இந்த அனுபவத்திலிருந்துதான் 2004-இல் ‘எபோட்’ என்ற வலையமைப்பு பிறந்து பல நாடுகளுக்குப் பரவியது. அதற்குப் பெரிய உணவு நிறுவனங்களின் நிதி வந்ததால் எழுந்த விமர்சனத்தையும் மறக்க வேண்டாம்; கீழே அதற்கு வருகிறேன்.

கூட்டமைப்பை எப்படிக் கட்டுவது? ‘கூட்டு’ என்ற சொல் மிக எளிதாக வாயில் வரும். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ்ப்படிகளில் பங்கேற்பு பெயரளவுக்குத்தான், நடுவில் செய்தி சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் உரிமை மக்கள் கையில் இருக்கும். பெரும்பாலான திட்டங்கள் நடுப்படியில் நின்றுகொண்டு மேல்படி என்று அறிக்கை எழுதுகின்றன. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று சோதிக்க ஒரே கேள்வி போதும்: அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் வேண்டாம் என்று சொன்னதால் கைவிடப்பட்ட வேலை ஏதாவது உண்டா?

வழிகாட்டுக் குழுவில் 12 முதல் 15 பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பேசுகிறவர்கள் ஐந்து பேர்தான், மற்றவர்கள் கையெழுத்துப் போட வருவார்கள். மூன்றில் ஒரு பங்காவது திட்டம் குறிவைக்கும் பகுதியிலேயே வசிக்கும் பெற்றோராக இருக்கட்டும். ஒருவரை மட்டும் ‘மக்கள் பிரதிநிதி’ என்று உட்கார வைத்தால் அவர் வாயே திறக்கமாட்டார். மூன்று நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேசுவார்கள். அவர்களில் மூன்று பேராவது வராத கூட்டத்தில் முடிவெடுக்கக் கூடாது என்று விதி எழுதிவிடுங்கள். அதிகாரிகள் சம்பள நேரத்தில் வருகிறார்கள், பெற்றோர் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். ஆகவே பயணச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு, நேரத்துக்கான ஊதியம் மூன்றும் வரவு செலவுத் திட்டத்தில் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டது எதுவும் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஒருங்கிணைப்பாளர் முழுநேர வேலையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் ‘இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்தால் நான்காம் மாதத்தில் கூட்டங்கள் தள்ளிப்போகத் தொடங்கும். பங்காளி ஒவ்வொருவருடனும் ஒரு பக்க ஒப்பந்தம் போதும். மாதம் எத்தனை ஆள் நாள் தருவார்கள், எந்த இடம், எந்தத் தரவு, யார் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர், விலக வேண்டுமானால் எத்தனை மாத முன்னறிவிப்பு என்பவை அதில் இருக்கட்டும். ‘முழு ஆதரவு அளிப்போம்’ என்ற வரி மட்டும் உள்ள ஒப்பந்தம் வெற்றுத்தாள்.

உணவு, குளிர்பான நிறுவனங்கள் பணம் தர முன்வரும். என் கருத்து, வாங்க வேண்டாம். வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால் மூன்று நிபந்தனை: குழுவில் இடமில்லை, சின்னம் எங்கும் தெரியக் கூடாது, மதிப்பீட்டுக்கான பணம் அதிலிருந்து வரக் கூடாது. இப்படிக் கேட்டாலே பலர் விலகிவிடுவார்கள், அதுவும் ஒரு பதில்தான். பணம் வாங்கினால் என்ன ஆகும் என்றால், திட்டத்தின் பேச்சு மெல்ல மெல்ல உணவிலிருந்து நகர்ந்து ஓட்டம், ஆட்டம், விளையாட்டு என்று போய்விடும். யாரும் கட்டளையிட மாட்டார்கள், தானாக நடக்கும்.

வேலைகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கு முதல் ஆறு முதல் ஒன்பது மாதம் ஒதுக்குங்கள். 15 முதல் 25 பேரைச் சேர்த்து, இரண்டு மூன்று மணி நேர அமர்வுகள் இரண்டு அல்லது மூன்று. சுவரில் பெரிய தாளை ஒட்டி, ‘இங்கே பிள்ளைகளுக்கு எடை ஏறக் காரணம் என்ன?’ என்று கேட்டு, ஒவ்வொரு காரணத்தையும் அம்புக்குறியால் இணைக்க வேண்டும். பிரிட்டன் அரசு 2007-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட காரணிகள் சிலந்தி வலை போலப் பின்னியிருக்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம், உங்களுடையதில் முப்பது இருந்தால் போதும். வரைந்து முடித்ததும் எந்த அம்பை இந்தக் கூட்டமைப்பால் உண்மையிலேயே வெட்ட முடியும் என்று பார்த்து நான்கைந்தை மட்டும் எடுங்கள். பதினைந்து வேலைகளைத் தொட்டால் எதிலும் போதிய அழுத்தம் இருக்காது. இரண்டாம் ஆண்டு முடிவில் ‘எல்லாம் செய்தோம், ஒன்றும் மாறவில்லை’ என்று வரும்.

ஒரு வேலையை அருகில் போய்ப் பார்க்கலாம்: பள்ளியில் குடிநீர். ஜெர்மனியின் டார்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களில் வசதி குறைந்த பகுதிகளின் 32 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். குடிநீர் ஊற்று வைத்து, சில பாடங்களும் நடத்திய பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்குச் சுமார் ஒரு குவளை தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு பள்ளி ஆண்டின் முடிவில் அதிக எடைக்கான ஆபத்து 31 சதவீதம் குறைவாக இருந்தது. சராசரி பிஎம்ஐயில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேட்க எளிது. குழாய் வைத்தால் போதும் என்று தோன்றும். 300 பிள்ளைகள், பத்து நிமிட இடைவேளை. ஒரு குப்பி நிரம்ப 15 விநாடி என்றால் ஒரு குழாயில் பத்து நிமிடத்தில் 40 பேர்தான் பிடிக்க முடியும். அப்படியானால் எட்டுக் குழாய் வேண்டும். இரண்டு குழாய் மட்டும் வைத்துவிட்டு, பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை என்று அறிக்கை எழுதினால் தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. குழாய் கழிப்பறை ஓரமாக இருந்தால் குடிக்க மாட்டார்கள். வடிகட்டியை மாற்றுவது யார் பொறுப்பு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் சுவை மாறி, பெற்றோரே ‘அதைக் குடிக்காதே’ என்று சொல்லி அனுப்புவார்கள். குப்பி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியே தர வேண்டும், அதுவும் எல்லோருக்கும் ஒரே நிறத்தில். இலவசக் குப்பி மட்டும் வேறு நிறமாக இருந்தால் அது பைக்குள்ளேயே கிடக்கும்.

தண்ணீருக்கு ஏன் இவ்வளவு இடம் என்றால், சர்க்கரைக் கணக்கு அப்படி. கலந்த சர்க்கரையும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு 1,600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு 10 சதவீதம் என்பது 40 கிராம், 5 சதவீதம் என்பது 20 கிராம். 330 மில்லி சாதாரண கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. மீதியை நீங்களே கழித்துப் பார்க்கலாம்.

உடலுழைப்பிலும் இதே போல எளிய கணக்கைத் தேடுங்கள். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் என்பது பரிந்துரை. ஒரு கிலோமீட்டர் நடக்கப் பிள்ளைக்குச் சுமார் 15 நிமிடம், போக வர அரை மணி நேரம். பாதிப் பங்கு பள்ளிக்கு நடந்து போவதிலேயே முடிந்துவிடும், வழி பயமில்லாமல் இருந்தால். அந்த வழியில் குழுவினர் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து, எங்கே நடைபாதை முறிகிறது, எங்கே வண்டிகள் வேகமாக வருகின்றன, எந்த இடத்தில் பெண் குழந்தைகள் தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டால் உள்ளாட்சிப் பொறியாளரிடம் கொடுக்க ஒரு பட்டியல் கிடைக்கும்.

இனி அளவீடு. இங்கேதான் நல்ல திட்டங்களும் தடுக்கி விழுகின்றன.

முதல் தப்பு, குழந்தையின் பிஎம்ஐயை முன்னும் பின்னும் நேராக ஒப்பிடுவது. குழந்தையின் பிஎம்ஐ சுமார் ஐந்து ஆறு வயது வரை இறங்கி, பிறகு இயல்பாகவே ஏறும். எட்டு வயதில் அளந்து பத்து வயதில் மறுபடி அளந்தால் எதுவும் கெடாமலேயே கூடியிருக்கும். ஆகவே வயது, பாலினத்துக்கு ஏற்ப மாற்றிய இசட் மதிப்பெண் வேண்டும். 5 முதல் 19 வயது வரை +1 தாண்டினால் அதிக எடை, +2 தாண்டினால் உடற்பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கூடவே ஒப்பீட்டுப் பகுதி ஒன்றும் வேண்டும்.

இரண்டாவது, அளக்கும் கை. காலணி இல்லாமல், லேசான உடையில், உயரம் 0.1 செ.மீ., எடை 0.1 கிலோ வரை, இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டு உயரமும் 0.5 செ.மீ.க்கு மேல் விலகினால் மூன்றாம் முறை. 28 கிலோ, 130 செ.மீ. உள்ள குழந்தையின் பிஎம்ஐ 16.6. உயரத்தை ஒரு செ.மீ. கூட்டி எழுதிவிட்டால் 16.3. திட்டத்தால் எதிர்பார்க்கும் மாற்றமே அந்த அளவுதான்! தலைமுடியை உயர்த்திக் கட்டிய பிள்ளைகளை அளக்கும்போது இது தினமும் நடக்கும்.

மூன்றாவது, ஒப்புதல். விருப்பமுள்ளவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும் என்றால், படிவம் திரும்பி வராத வீடுகள் பெரும்பாலும் நீங்கள் தேடிப் போன வீடுகளாகவே இருக்கும். எடை கூடிய பிள்ளைகளும் ஒதுங்குவார்கள். சட்டமும் நெறிக்குழுவும் இடம் தந்தால், வேண்டாம் என்பவர்கள் மட்டும் சொல்லும் முறைக்கு மாறுங்கள். அப்போதும் அளக்கும் நேரத்தில் பிள்ளை மறுத்தால் மறுத்ததுதான். திரைக்குப் பின்னால், எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் அளக்க வேண்டும். வரிசையில் நிற்க வைத்து எடையைக் கூவினால் அந்தப் பள்ளியில் உங்கள் திட்டம் அன்றோடு முடிந்தது.

நான்காவது, மாதிரியின் அளவு. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவு 0.02 என்ற சிறிய எண்ணாக இருந்தாலும், பள்ளிக்கு 100 பேர் வீதம் பத்துப் பள்ளிகளில் 1,000 பேரை அளந்தால் புள்ளியியல் கண்ணுக்கு அவர்கள் 336 பேர்தான் (1,000-ஐ 1 + 99 × 0.02, அதாவது 2.98 ஆல் வகுக்க வேண்டும்). ஆகவே ஒரு பள்ளியில் கூடுதல் பிள்ளைகளை அளப்பதைவிடக் கூடுதல் பள்ளிகளைச் சேர்ப்பது மேல்.

ஐந்தாவதுதான் இந்தப் பதிலுக்கே மையம். எல்லா எண்களையும் குடும்ப வசதிவாரியாகப் பிரித்துச் சொல்லுங்கள். வசதி குறைந்த பகுதியில் அதிக எடை 30 சதவீதத்திலிருந்து 24-க்கும், வசதியான பகுதியில் 14-லிருந்து 9-க்கும் இறங்கியதாக வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் இறக்கம், எல்லோரும் கைதட்டுவார்கள். இடைவெளி 16 புள்ளியிலிருந்து 15 ஆனது, கொஞ்சம் சுருங்கியது. ஆனால் விகிதம் 2.1 மடங்கிலிருந்து 2.7 மடங்காக ஏறிவிட்டது. இரண்டில் எதைச் சொல்வது? இரண்டையும். எது வெற்றி என்பதைத் தரவு வரும் முன்பே குழு எழுதி வைத்திருக்க வேண்டும், வந்த பிறகு பொருத்தமானதைப் பொறுக்கக் கூடாது. பிரிப்பதற்கு வீட்டு முகவரி, பெற்றோர் படிப்பு, இலவச உணவு பெறும் தகுதி போன்ற ஏதாவது ஒரு குறியீட்டைத் திட்டம் தொடங்கும் முன் நடத்தும் அடிப்படை ஆய்விலேயே சேகரிக்காவிட்டால் பிறகு எந்தப் புள்ளியியலாளராலும் உதவ முடியாது.

அப்படியானால் ஏழைப் பகுதிகளில் மட்டும் நடத்தலாமா என்று கேட்பார்கள். அதில் இரண்டு சங்கடம்: அந்தப் பகுதிக்கு முத்திரை விழும், எல்லைக்கு வெளியே இருக்கும் ஏழைக் குடும்பங்கள் விடுபடும். மைக்கேல் மார்மட் தலைமையில் 2010-இல் இங்கிலாந்துக்காக வெளிவந்த அறிக்கை ஒரு நடுவழியைச் சொன்னது: எல்லோருக்கும் திட்டம், ஆனால் தேவைக்கேற்ற அழுத்தம். நடைமுறையில் இது குடிநீரும் உணவு விதியும் எல்லாப் பள்ளிக்கும், வீடு தேடி வரும் பணியாளரும் மாலை விளையாட்டுக்கான ஆளும் தேவை மிகுந்த பள்ளிகளுக்கு என்று ஆகும். 

கடைசியாகப் பணம். பெரும்பாலான நிதி மூன்று ஆண்டுக்கு வரும். எடையில் மாற்றம் தெரியப் பெரும்பாலும் மூன்று ஆண்டாவது ஆகும். இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் திட்டங்கள் சாகின்றன. இரண்டாம் ஆண்டில் ஒருங்கிணைப்பாளர் வேறு நிரந்தர வேலை தேடத் தொடங்குவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. 18-ஆம் மாதத்துக்குள் அவருடைய பதவியையாவது உள்ளாட்சியின் வழக்கமான சம்பளப் பட்டியலுக்குக் கொண்டுபோக முயலுங்கள். முடியாவிட்டால் ஆள் போனாலும் நிற்கக் கூடிய வேலைகளுக்கு, அதாவது கொள்முதல் விதி, சாலை மாற்றம், மைதானத்தைத் திறந்து வைக்கும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு, மீதிப் பணத்தைத் திருப்பிவிடுங்கள். நிதி தருபவரிடம் முதல் ஆண்டு அறிக்கையில் எடைக் கணக்கைக் காட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை பள்ளியில் விதி மாறியது, எத்தனை குழாய் ஓடுகிறது, எந்தப் பகுதிப் பிள்ளைகள் மாலையில் மைதானத்துக்கு வருகிறார்கள் என்பதைக் காட்டுங்கள். அதையும் பகுதிவாரியாகப் பிரித்தே காட்டுங்கள்.